அண்ணன்மார் சொல்லக்கூடாத வாக்கியம்

துன்பத்துக்குக் காரணம் தேடிக் காஞ்சிபுரத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஏகாம்பரநாதர் கோயிலில் ஒரு பதில் இருக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறி எல்லை கடந்ததும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. தடுமாறிக் காஞ்சிக்கு வந்து ஏகம்பனைப் பாடியபோது இடக்கண் கிடைத்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. குற்றம், தண்டனை, தவணை முறையில் மன்னிப்பு. கணக்கு நேராக இருக்கிறது. இதே ஊர்க்காரரான திருக்குறிப்புத் தொண்டர் கதையில் பதில் வேறு. அவர் ஒரு குற்றமும் செய்யாத வண்ணார். அடியார் வேடத்தில் வந்த இறைவனின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் துவைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, விடாமல் பெய்த மழையால் வாக்குத் தவறப்போகிறதே என்று துவைகல்லிலேயே தலையை மோதிக்கொண்டவர். அங்கே துன்பம் ஒரு சோதனை. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் வரை போனால் வினைப்பயன் என்ற மூன்றாவது பதிலும் உண்டு.

கிறிஸ்தவம் இந்த ஊருக்குப் பிந்தி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் இங்கே பள்ளி நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான ஆண்டர்சன் பெயரில் அது இன்றும் நடக்கிறது. அவர்கள் கொண்டுவந்த வேதபுத்தகத்தில் சுந்தரர் கதையின் கணக்கை மறுக்கிற பக்கங்கள் உண்டு. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அது யோவான் எழுதியது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே முடிப்பது லூக்காவில். தண்டனை என்ற பதிலுக்கு இதைவிட வெளிப்படையாகக் கதவடைக்க முடியாது.

கதவடைத்தும் பயனில்லை. ஜெபக்கூட்டங்களில் அந்தப் பதில் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. புற்றுநோய் கண்டவரிடம், விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். கைக்குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில், குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கிறது, உபவாசம் இருந்து பாருங்கள் என்கிறார்கள். சற்று மென்மையானவர்கள், ஆண்டவர் இதில் ஒரு நோக்கம் வைத்திருப்பார் என்கிறார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் சுகமானவருக்கு மைக் கிடைக்கிறது; சுகமாகாமல் பத்து வருடம் படுக்கையில் கிடப்பவரின் சாட்சியைக் கேட்க எந்தச் சபையும் ஞாயிற்றுக்கிழமையில் நேரம் ஒதுக்குவதில்லை.

நீதிமான் ஏன் துன்பப்பட வேண்டும் என்ற கேள்விக்குத் திருச்சபை இருபது நூற்றாண்டுகளாகக் கொடுத்துவந்த விடைகளை அற்பமாக ஒதுக்க முடியாது. மனிதனுக்குச் சுதந்தரம் கொடுத்துவிட்டு அதன் கேட்டை மட்டும் தடுப்பது சுதந்தரத்தையே பறிப்பதாகும் என்ற வாதத்தில் பலம் இருக்கிறது. துன்பம் இல்லாமல் பொறுமையோ இரக்கமோ பிறக்காது என்பதும் அனுபவத்துக்கு முரண் இல்லை. இவற்றில் எது சரி என்று தேடுவதில்தான் எல்லா உழைப்பும் செலவாகியிருக்கிறது. யார் யாரிடம் சொல்லும்போது இவை சரி என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அறம் சம்பந்தப்பட்டது அந்தக் கேள்விதான். அதைக் கேட்கக் காஞ்சிபுரத்தின் தறிக்குழி நல்ல இடம்.

கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலையும் இரு கரைகளையும் தனித்தனி ஊடையால் நெய்து கோத்துக்கொண்டே போக வேண்டும் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவரின் இரண்டு கை போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். நெடுங்காலம் அந்த இன்னொருவர் ஒரு பிள்ளை. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் விடப்பட்ட பிள்ளை. கடன் அடையும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. கூலி அசலைத் தொடவே தொடாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது; குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்கெல்லாம் பிறகு, 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. ஐந்து வயதிலேயே வேலைக்கு வந்த பிள்ளைகள், பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் நாள்கள், வாரத்தில் அரை நாள் ஓய்வு அல்லது அதுவும் இல்லை என்று அது பதிவு செய்தது. இன்று இந்தக் காட்சி பெருமளவு மறைந்துவிட்டது. சட்டமும் பள்ளியும் அதில் செய்தது பாதி. தறியைவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஒரு தலைமுறையே போய்விட்டது மீதி.

தறிக்காரரை ராட்சசனாக வரைந்துவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. அவரும் பட்டும் ஜரிகையும் கொடுக்கும் முதலாளிக்குக் கடன்பட்டவர். முதலாளி கடைக்காரரைப் பார்க்கிறார். கடைக்காரர் விலை பேசும் கல்யாண வீட்டாரைப் பார்க்கிறார். கிறிஸ்தவக் கல்யாணத்துக்கும் காஞ்சிப் பட்டுதான் எடுக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இந்த வரிசையில் நிற்கும் யாராவது ஒருவர், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம், பாடு உன்னைப் பொன்னாக்கும் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். வாக்கியம் வேதத்தில் இருப்பதுதான். பொன் நெருப்பில் புடமிடப்படுவதைப் பற்றி யோபும் பேசுகிறான், பேதுருவும் எழுதுகிறார். ஆனாலும் கேட்கிற காது கூசுகிறது. சொல்லில் பிழை இல்லாதபோது கூச்சம் எங்கிருந்து வருகிறது?

ஆதியாகமத்தில் ஓர் இடம் இதற்கு வெளிச்சம் தருகிறது. யோசேப்புக்கு வயது பதினேழு. அண்ணன்மார் அவனைக் குழியில் இறக்குகிறார்கள், பிறகு இருபது வெள்ளிக்காசுக்கு வியாபாரிகளிடம் விற்கிறார்கள். எகிப்தில் அடிமை வேலை, பொய்க் குற்றச்சாட்டு, சிறை. பல வருடம் கழித்து, தகப்பன் இறந்த பின் அதே அண்ணன்மார் அவன் முன்னால் வந்து விழும்போது, நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடித்தார் என்ற பொருளில் அவன் பேசுகிறான். துன்பத்துக்குக் காரணம் காட்டும் கிறிஸ்தவப் பிரசங்கங்களில் பாதி இந்த ஓர் இடத்தின்மேல் கட்டப்பட்டவை.

அதே வாக்கியத்தை அண்ணன்மார் சொல்லியிருந்தால்? “தம்பி, நாங்கள் உன்னை விற்றோம்தான், ஆனால் தேவன் அதையும் நன்மையாக முடித்தார் பார்” என்று ஒரு அண்ணன் சொல்லியிருந்தால், படிக்கிறவர் புத்தகத்தை மூடிவிடுவார். செய்தியில் ஓர் எழுத்து மாறவில்லை, வாய்தான் மாறியிருக்கிறது. யோசேப்பு சொன்னால் அது மன்னிப்பு. அண்ணன் சொன்னால் அது இரண்டாவது முறை விற்பது.

யோசேப்பு எப்போது அப்படிச் சொன்னான் என்பதும் கவனிக்கத்தக்கது. குழியில் கிடந்தபோது சொல்லவில்லை; அப்போது அவன் கெஞ்சினான் என்பதை அண்ணன்மாரே பின்னால் நினைவுகூர்கிறார்கள். சிறையிலும் சொல்லவில்லை, விடுதலையாகிப் போகும் பானபாத்திரக்காரனிடம், என்னைப் பற்றி ராஜாவிடம் சொல்லி இங்கிருந்து வெளியே கொண்டுவா என்று கேட்டான். கடவுளின் நோக்கம் என்று அவன் பேசியது வெளியே வந்த பிறகு, விற்றவர்களின் உயிர் தன் கையில் இருந்தபோது. கட்டு அவிழ்வதற்கு முன்னால் அந்தப் பேச்சு யாருக்கும் உரியதாக இருக்கவில்லை, அவனுக்குக்கூட.

எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த யோபுவின் நண்பர்கள் கதையும் இந்த வழியில்தான் போகிறது. எலிப்பாஸும் மற்ற இருவரும் முட்டாள்கள் அல்லர், கெட்டவர்களும் அல்லர். தூரத்திலிருந்து வந்தார்கள், ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய ஆறுதல் குழுக்களில் அரை மணி நேரம் அப்படி உட்காரக்கூடியவர் யார்? வாயைத் திறந்த பிறகு அவர்கள் சொன்னதிலும் பெரும்பகுதி நல்ல இறையியல். எலிப்பாஸ் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது வேதவாக்காகவே எடுத்தாள்கிறார். அப்படியிருந்தும் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் எலிப்பாஸ்மேல் மூள்கிறது. வானத்தைப் பார்த்து வழக்காடிய, பிறந்த நாளையே சபித்த யோபுதான் சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகிறது. உரைகளின் உள்ளடக்கத்தை மட்டும் வைத்து இந்தத் தீர்ப்பை விளங்கிக்கொள்வது கடினம். சாம்பலில் உட்கார்ந்தவன் பேசினான், சாம்பலைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பேசினார்கள் என்ற வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உண்மை யார் சொன்னாலும் உண்மைதானே? சொல்கிறவரைப் பொறுத்து மெய்யும் பொய்யும் மாறுமென்றால் இறையியலே இல்லாமல் போகும். மேலும், பிள்ளையை இழந்த தாய் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் ஐயா என்று கேட்கும்போது, அது உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும் அம்மா என்று அவர் ஒதுங்கினால், அந்த மௌனத்துக்கும் கொடுமை என்றுதானே பெயர்?

மறுப்பின் முதல் பாதிக்குப் பதில் சொல்லலாம். சில வாக்கியங்கள் தகவல் மட்டும் சொல்வதில்லை. ஒரு காரியமும் செய்கின்றன. “கடனைத் தள்ளிவிட்டேன்” என்று கடன் கொடுத்தவர் சொன்னால் கடன் போகிறது. வாங்கியவர் சொன்னால் அது மோசடி. இன்னொருவரின் பாட்டில் நன்மை இருக்கிறது என்று சொல்வதும் ஒரு வரவு வைப்பதுதான். அந்த நன்மையின் விலையைக் கொடுத்தவரே அதை எழுத வேண்டும். இரண்டாம் பாதிக்கு முழுப் பதில் இல்லை. அந்தத் தாயிடம் போதகர் பேசத்தான் வேண்டும். ஆனால் கேட்கப்பட்ட ‘ஏன்’ எப்போதும் விளக்கத்தைக் கேட்பதில்லை. சிலுவையில் இயேசு கேட்டதும் ‘ஏன்’தான், பழைய சங்கீதம் ஒன்றின் முதல் வரியை எடுத்து, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். வானத்திலிருந்து ஒரு விளக்கமும் வரவில்லை. கிறிஸ்தவர்கள் கடவுளின் மகன் என்று நம்புகிறவரே பதில் பெறாத இடத்தில், அவருடைய ஊழியர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து பதிலை எடுத்து நீட்டுவது துணிச்சல்தான். தாயோடு சேர்ந்து அதே ‘ஏன்’ஐ அவரும் கேட்கலாம். சங்கீதங்களில் கணிசமான பகுதி அப்படிப்பட்ட புலம்பல். எமனையே ஏசுகிற ஒப்பாரியில் வளர்ந்த தமிழ்ச் செவிக்கு அவை அந்நியமும் இல்லை. துதிப்பாட்டுக்கு இருக்கும் இடம் நம் ஆராதனைகளில் அவற்றுக்கு ஏன் இல்லை என்பது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம்.

இன்னும் முள்ளான சிக்கல் ஒன்று இருக்கிறது. பாடுபடுகிறவரின் வாயிலேயே அடுத்தவரின் சொல் ஊட்டப்பட்டிருந்தால்? தறிக்குழியில் இருக்கும் பிள்ளை, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று தானே சொல்லக்கூடும். ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கும், அம்மா சொல்லியிருப்பாள். அப்போது அதை அந்தப் பிள்ளையின் சொல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா? யோசேப்பின் கதையில் உள்ள கால வரிசை இங்கே அளவுகோலாகிறது. மறுத்துப் பேசவோ எழுந்து போகவோ முடியாத நிலையில் இருந்து வரும் ஒப்புதலுக்கு நீதிமன்றத்திலேயே மதிப்பு இல்லை. இறையியலில் மட்டும் எப்படி இருக்கும்?

மனிதர் யாரையும் கைகாட்ட முடியாத துன்பமும் உண்டு. காஞ்சியும் செங்கல்பட்டும் ஒரே மாவட்டமாக இருந்த 1947இல், செங்கல்பட்டை அடுத்த திருமணியின் தொழுநோய் இல்லத்துக்கு வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாக வளர்ந்த பால் பிராண்ட். முடங்கிய கை ஒன்றைப் பிடித்துப் பார்த்தவருக்கு எதிர்பாராத இறுக்கம் தெரிந்தது. தசை செத்துவிடவில்லை என்று புரிந்தது. அங்கிருந்து தொடங்கிய ஆய்வில் அவர் கண்டது, விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை என்பது. வலி தெரியாததால் சூடும் வெட்டும் உணரப்படாமல் புண்ணாகி அழிகின்றன. இரவில் எலி கடித்தாலும் தூங்குகிறவருக்குத் தெரிவதில்லை. வலி ஒரு கொடை என்று பிராண்ட் பின்னாளில் எழுதினார். நலமாக இருக்கும் மருத்துவர் ஒருவர் இதைச் சொல்வது அண்ணன் வாய்ச் சொல்தானே என்று கேட்கலாம். ஆனால் அவர் அதை வலியால் துடிப்பவரிடம் சொல்லவில்லை. வலி இழந்தவர்களோடு காலம் கழித்து, அவர்களிடம் இல்லாத ஒன்றின் மதிப்பாகச் சொன்னார். ஒருமுறை லண்டன் விடுதியில் தன் குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று கண்டு, தனக்கும் தொற்றிவிட்டது என்று இரவு முழுக்க அஞ்சியவர் அவர். காலையில் ஊசியால் குத்தியபோது வலித்தது. கடவுளுக்கு நன்றி சொன்னார். அந்த வாக்கியத்துக்கு அவர் ஓர் இரவு விலை கொடுத்திருந்தார். அதற்காக எல்லா வலியும் கொடை ஆகிவிடாது. எச்சரித்து முடித்த பின்னும் எலும்பைத் தின்னும் புற்றுநோயின் வலிக்கு அவருடைய விளக்கம் போதாது.

வாக்கியத்தைக் கைவிட்ட பிறகு பார்த்துக்கொண்டிருப்பவர் என்னதான் செய்வது? இதே மாவட்டத்தில் அதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. 1880களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி என்ற இரு மிஷனரிகள், செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமில்லாத அடிமை வாழ்க்கையைப் பற்றி ஓயாமல் எழுதினார்கள், மனுப் போட்டார்கள். மதம் மாறியவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் அக்கறையும் அதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் விரிவான அறிக்கை அனுப்பினார். 1892இல் அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் அது. கடவுள் ஏன் இதை அனுமதிக்கிறார் என்று விளக்கும் பிரசங்கத்தைவிட, யார் நிலம், யார் கையில், என்ன குத்தகை என்று விவரம் சேர்த்த அந்தத் தாள்கள் மேலான வேத வியாக்கியானம் என்று சொன்னால் மிஷன் வரலாற்றாசிரியர்கள் கோபிக்கக்கூடும். ஆனால் யோபுவின் நண்பர்களிடம் இல்லாத ஒன்று அவற்றில் இருந்தது. பாடுபடுகிறவனின் குற்றத்தை அவை தேடவில்லை.

அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு வேறு கைகளுக்குப் போனது. மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. நல்லவர்மேலும் கெட்டவர்மேலும் ஒரேபோல மழை பெய்கிறது என்று மலைப் பிரசங்கம் சொல்கிறது. துப்பாக்கியும் பெயரைப் பார்த்துச் சுடவில்லை.

இவர்களிடம் வரும்போது, பாட்டின் பொருளைப் பாடுபட்டவரே சொல்ல வேண்டும் என்ற விதி நின்றுவிடுகிறது. இறந்தவர் வாய் திறப்பதில்லை. யோபுவின் கடைசி அதிகாரத்தில் ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கின்றன, மறுபடி ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறக்கிறார்கள். காற்றடித்து வீடு விழுந்ததில் நசுங்கிச் செத்த முதல் பத்துப் பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள் என்று புத்தகம் அவர்களிடம் கேட்கவில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள், அவர்களே எழுந்து வந்து சொல்லும் நாள் ஒன்று உண்டு என்கிறார்கள். நம்பாதவருக்கு இது வெறும் ஒத்திவைப்பு. ஆனால் அந்த நம்பிக்கையிலும் அவசரம் கிடையாது என்பதை வெளிப்படுத்தின விசேஷம் காட்டுகிறது. கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பரலோகத்திலேயே பலிபீடத்தின்கீழ் இருக்கின்றன; அங்கேயும் அவர்கள் சாட்சி சொல்லவில்லை, நோக்கம் புரிந்துவிட்டது என்று பாடவில்லை. நியாயம் தீர்க்க இன்னும் எவ்வளவு காலம் என்று உரத்த குரலில் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது; இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்திருக்கச் சொல்லப்படுகிறது. காரணம் அங்கேயும் சொல்லப்படவில்லை. கேட்டதற்காக யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை.